64 பேர் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகம்: சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கயல்_துரைப்பாக்கம் | 9 ஜூன் 2025, இரவு 9:40

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) 64 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அட்மின் வேலை பார்க்கிறேன். வாடகைக் கட்டடம், அதில் ஒரு தளம் எங்களுடையது. ஐரோப்பாவில் உள்ள வாடிக்கையாளர் ஒருவர் போன வாரம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். உங்கள் நிறுவனத்தால் வருடத்துக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று ஸ்கோப் 1 (நாமே நேரடியாக வெளியிடுவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தால் வருவது), ஸ்கோப் 3 (பயணம், வாங்கும் பொருள் போன்ற மற்றவை) எனப் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள். அது என் மேசைக்கு வந்துவிட்டது.

கூட்டம் போட்டுப் பேசினோம். பேப்பர் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர், சுற்றுச்சூழல் தினத்தன்று நட்ட மரக்கன்றுகள், கை கழுவும் இடத்தில் ‘தண்ணீரைச் சேமியுங்கள்’ ஸ்டிக்கர். இந்த மூன்றையும் எழுதி அனுப்பிவிடலாம் என்று முடிவானது. மூன்றுமே நல்லதுதான். ஆனால் மாதம் 11,000 யூனிட் மின்சாரம் ஓடுகிற தளத்தில் டம்ளரை மட்டும் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் இருப்பது: தனி சப் மீட்டர் (கட்டட உரிமையாளர் மாதாமாதம் பில் தருவார்), கட்டடம் முழுவதுக்கும் பொதுவான டீசல் ஜெனரேட்டர், 14 ஏசி, இரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) வைத்த சின்ன சர்வர் ரூம், 70 லேப்டாப், இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து ஓட்டும், மும்பையில் இருக்கும் கிளவுட் சர்வர்கள், ராத்திரி தாமதமாகக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு கேப். செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மின்வாரியம்_ஓய்வு | 9 ஜூன் 2025, இரவு 10:55

அம்மா, 34 வருடம் மீட்டரோடு வாழ்ந்தவன் நான். படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாளை இரவு எல்லாரும் கிளம்பியதும் சப் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் முதல் ஆள் உள்ளே நுழையும் முன் இன்னொரு ரீடிங். செலவு எதுவும் இல்லை. எந்த ஆலோசகர் வந்தாலும் முதலில் கேட்கவேண்டிய எண் இதுதான்.

கணக்குக்கு: நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் இந்த எண்ணை வெளியிடுகிறது. அப்படியானால் உங்கள் 11,000 யூனிட் மாதத்துக்கு 7.7 டன். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ. ஜெனரேட்டரில் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். கார்பனில் கம்பி வழியாக வரும் கரண்டைவிடச் சற்றுக் கூடுதல், ஆனால் புகை முழுக்க உங்கள் ஜன்னல் பக்கமே நிற்கும்.

செல்வம்_அம்பத்தூர் | 10 ஜூன் 2025, காலை 7:15

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நான் வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் இண்டக்ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பு உருக்க 600 யூனிட் பக்கம் ஆகும். நீங்கள் ஒரு மாதம் எரிப்பதை நாங்கள் பதினெட்டு டன்னில் முடித்துவிடுவோம். 64 பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் குறைத்து என்ன ஆகப்போகிறது? எங்களைப் போன்ற தொழில்களில் நல்ல ஃபர்னஸ் வாங்கக் கடன் கிடைத்தாலே பல மடங்கு மிச்சம் ஆகுமே.

மின்வாரியம்_ஓய்வு | 10 ஜூன் 2025, காலை 8:02

செல்வம், நல்ல ஃபர்னஸ் வாங்கக் கடன் வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் உங்கள் 600 யூனிட்டுக்கு ஒரு டன் வார்ப்பு வெளியே வருகிறது. பூட்டிய அலுவலகத்தில் ராத்திரி முழுக்க ஓடும் ஏசிக்கு என்ன வருகிறது? இன்னொன்று, ஒரு ஹீட்டுக்கு (ஒரு தடவை உருக்க) எத்தனை யூனிட் ஆனது என்று உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மென்பொருள் நிறுவனத்தில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அவர்களுக்கு அது வாடகை மாதிரி ஒரு பில், அவ்வளவுதான்.

செல்வம்_அம்பத்தூர் | 10 ஜூன் 2025, காலை 8:20

அது உண்மைதான். நாங்கள் டன்னுக்கு யூனிட் எழுதும் போர்டு ஃபர்னஸ் பக்கத்திலேயே தொங்கும். கயல், உங்கள் தளத்திலும் அப்படி ஒன்று தொங்கவிடுங்கள். ஆளுக்கு எத்தனை யூனிட் என்று போட்டால் போதும்.

ராப்பொழுது_தேவ் | 10 ஜூன் 2025, இரவு 11:30

கிளவுட் பக்கத்தை நான் சொல்கிறேன், என் தினசரி வேலையே அதுதான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். உங்கள் டெஸ்டிங், ஸ்டேஜிங் சர்வர்களை (மென்பொருளை வெளியிடும் முன் சோதித்துப் பார்ப்பவை) ஆட்கள் தொடுவது திங்கள் முதல் வெள்ளி வரை, அதிகம் போனால் நாளுக்கு 12 மணி நேரம். அதாவது 60. மீதி 108 மணி நேரம் அவை சும்மா ஓடுகின்றன. வார நாட்களில் இரவு 9 மணிக்கு நிறுத்தி காலை 9 மணிக்கு எழுப்ப, சனி, ஞாயிறு நிறுத்தியே வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டம் அங்கேயே குறையும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்ஷன் சர்வரைத் தொடவே வேண்டியதில்லை.

நாம் நிறுத்தினால் அந்த இயந்திரம் வேறு ஒருவருக்குப் போகிறது, கரண்ட் எங்கே குறைந்தது என்று கேட்பார்கள். உண்மைதான், அன்றே அணைந்துவிடாது. ஆனால் புதிதாக ஒரு ரேக் வாங்கும் தேவை தள்ளிப்போகும். டேட்டா சென்டர்களுக்கு 2024இல் 415 டெராவாட் மணி (41,500 கோடி யூனிட்) மின்சாரம் போனது, உலக மின்சாரத்தில் சுமார் ஒன்றரை சதவீதம் என்று சர்வதேச எரிசக்தி முகமை இந்த ஏப்ரலில் சொன்னது. 2030க்குள் இரண்டு மடங்கைத் தாண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு யாரும் பார்க்காமல் ஓடுகிறது என்பது என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் நடந்தது. ஒரு புராஜெக்ட் முடிந்து விழா எடுத்து, குழு கலைந்து, லீட் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டுக்காகக் கிளப்பிய ஒன்பது பெரிய சர்வர்கள் ஏழு மாதம் ஓடின. யார் கேட்டாலும் ‘அது வேறு குழுவுடையதாக இருக்கும், தொடாதே’ என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, போன் வருமா என்று திங்கள் வரை காத்திருந்தேன். ஒரு போன்கூட வரவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி. டேக் (பெயர்ச்சீட்டு) இல்லாத எதுவும் கிளவுடில் இருக்கக் கூடாது. யாருடையது, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை. தேதி தாண்டினால் தானாக நிற்க வேண்டும். அப்புறம் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் நகல்கள்), எந்த மெஷினிலும் மாட்டப்படாத டிஸ்க்குகள், பிழை தேடுவதற்காக எல்லாவற்றையும் எழுதும் டீபக் நிலையிலேயே விட்டுவிட்ட லாக்குகள் (பதிவுக் கோப்புகள்). இவற்றைத் தேட ஒரு மதியம் ஒதுக்குங்கள். அப்ளிகேஷன் ஒத்துக்கொண்டால் ஏஆர்எம் வகைப் பிராசஸருக்கு மாற்றிப் பாருங்கள். அமேசான் கிளவுடில் இருக்கும் இந்த வகைப் பிராசஸரான கிராவிட்டன் அதே வேலைக்கு 60% வரை குறைவான மின்சாரம் எடுப்பதாக அமேசான் சொல்கிறது. 60 வராவிட்டாலும் பில்லில் வித்தியாசம் தெரிகிறது.

கோவை_சர்வீஸ் | 11 ஜூன் 2025, காலை 10:10

லேப்டாப் பற்றி யாரும் பேசலைங்க, அதனால் வருகிறேன். காந்திபுரத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன்.

ஒரு லேப்டாப்பின் ஆயுள் முழுக்க வரும் கார்பனில் பெரும்பகுதி அது உங்கள் மேசைக்கு வரும் முன்பே, செய்யும்போதே வந்துவிடுகிறது. தயாரிக்கும் கம்பெனிகளே மாடல் வாரியாக இந்த அறிக்கையைப் போடுகிறார்கள், உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள். நீங்கள் சார்ஜ் போடும் கரண்ட் அதில் சின்னப் பங்குதான். அதனால் மூன்று வருடத்தில் மாற்றுவதை ஐந்தாக்கினாலே வாங்கும் எண்ணிக்கை குறைந்துவிடும்.

ஏன் மூன்று வருடத்தில் மாற்றுகிறார்கள் தெரியுங்களா? பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போய் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் லேப்டாப், டெஸ்க்டாப்புக்கு ஆயுள் 3 வருடம், சர்வருக்கு 6 என்று போட்டிருக்கிறது. அது தேய்மானக் கணக்குக்கு. கணக்குப் புத்தகத்தில் மதிப்பு தீர்ந்ததும் மெஷினும் தீர்ந்த மாதிரி ஒரு நினைப்பு. வாரண்டியும் அதே சமயத்தில் முடியும். போன மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து 22 லேப்டாப் வந்தது, ‘ஸ்லோவாக இருக்கு, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று. திறந்து பார்த்தால் விசிறிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கம்பளி மாதிரி தூசி. சூடானால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் ஸ்லோ. தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் வைத்து, 8 ஜிபியை 16 ஆக்கினேன். 22இல் 19 மெஷின் நன்றாக ஓடுகிறது. அவர்களையே திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன், வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு அவசரம் இருக்கிறது. வரும் அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களை மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்று நிறைய இடங்களில் பேச்சு. தள்ளும் முன் பட்டியல் எடுங்க. டெவலப்பர்களில் பாதிப் பேர் லினக்ஸில் நிம்மதியாக வேலை செய்வார்கள்.

நிஜமாகவே முடிந்துபோன மெஷினை எடைக்குப் போடாதீங்க. வருடத்தில் எப்போதாவது குறைந்தது ஆயிரம் கருவிகள் வைத்திருப்பவர்களைத்தான் 2022 மின்கழிவு விதிகள் ‘மொத்த நுகர்வோர்’ என்று சொல்கின்றன. கயல் அதில் வரமாட்டார். வராவிட்டாலும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்கலாம், ரசீது வாங்கலாம். என்னிடம் வாங்கிப்போன ஒரு எடைக்காரர் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஒரு சின்னப் பையன் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒரு அடாப்டரைக்கூட அந்த வழியில் விட்டதில்லை.

கயல்_துரைப்பாக்கம் | 13 ஜூன் 2025, காலை 11:25

மின்வாரியம் ஐயா சொன்னபடி செய்தேன். புதன் இரவு 9 மணிக்கு ஒரு ரீடிங், வியாழன் காலை 7 மணிக்கு ஒரு ரீடிங். வித்தியாசம் 118 யூனிட். யாருமே இல்லாத பத்து மணி நேரத்தில்! முப்பதால் பெருக்கினால் மாதத்துக்கு 3,540. பில்லில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

நேற்று இரவு கட்டட எலக்ட்ரீஷியன் அண்ணனையும் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவையும் கூட்டிக்கொண்டு தளம் முழுக்க நடந்தேன். விளக்கெல்லாம் அணைந்துதான் இருந்தது. ஆனால் காது கொடுத்துக் கேட்டால் எங்கும் ஒரே இரைச்சல். சர்வர் ரூமில் இரண்டு ஏசி, இரண்டும் 18 டிகிரியில், கதவைத் திறந்ததும் பனிக்காற்று மாதிரி முகத்தில் அடித்தது. ரிசப்ஷனில் எங்கள் லோகோவை ராத்திரி முழுக்கச் சுற்றிக் காட்டும் டிவி. சூடான தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் இரண்டு டிஸ்பென்சர். காபி மெஷின். ஸ்டாண்ட்பை விளக்கு மின்னும் மானிட்டர்கள்.

சின்ன மீட்டிங் ரூம் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். ‘அதுக்கு ரிமோட்டே இல்லம்மா, தீபாவளிக்கு முன்னாடி தொலைஞ்சது. நான் தினமும் சொல்லணும்னு நினைப்பேன், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல’ என்றார் அக்கா. எட்டு மாதம். அவர் தினமும் பார்த்திருக்கிறார். எங்கள் கூட்டத்துக்கு அவரையும் எலக்ட்ரீஷியன் அண்ணனையும் கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. இந்த இழையில் நான் எழுதுவதில் இது முக்கியமாக எனக்குப் படுகிறது.

மின்வாரியம்_ஓய்வு | 13 ஜூன் 2025, மதியம் 12:40

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. சர்வர் ரூமை 18இல் வைக்கத் தேவையில்லை. உள்ளே போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பதுதான் ஆஷ்ரே (அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம்) பரிந்துரை. ஒரேயடியாக ஏற்றாமல் வாரத்துக்கு இரண்டு டிகிரி ஏற்றி, சர்வரின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு 24, 25க்கு வாருங்கள். அலுவலக ஏசியையும் 24க்குக் கொண்டுவாருங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் 6% மிச்சம் என்பது எரிசக்தி திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கூடவே ஃபேன் வேண்டும், அது இல்லாமல் 24 என்றால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது) 30 வாட் பக்கம்தான் எடுக்கும்.

குறைந்ததா என்று பார்க்கும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கத்திரி முடிந்து மழை வந்தாலே பில் தானாக இறங்கும், அதை நம் சாதனை என்று எழுதிவிடக் கூடாது.

குளிர்_மெக்கானிக் | 14 ஜூன் 2025, இரவு 8:15

14 ஏசி என்றீர்கள். வருடத்தில் எத்தனை தடவை கேஸ் ஏற்றினீர்கள் என்று ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பில்லில் பாருங்கள் மேடம். இதை ஐடி கம்பெனிகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் ஸ்கோப் 1இல் இதுவும் வரவேண்டும்.

ஏசிக்குள் குளிரூட்ட ஓடும் ஆர்410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐயா சொன்ன 0.7ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 3,000 யூனிட் கரண்ட். ஒரே கிலோவில்! ஆர்32 என்ற இன்னொரு வகைக் கேஸ் என்றால் 675. ஏசிக்குள் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. சரியாக மூடிய லைனில் பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். வருடாவருடம் ‘கேஸ் டாப்அப்’ என்று பில் வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குழாய்கள் இணையும் ஃப்ளேர் நட்டில், இல்லாவிட்டால் அறைக்குள் இருக்கும் பகுதியின் குழாய்ச் சுருளில் (இண்டோர் காயில்). நைட்ரஜன் விட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுபவர் அடுத்த வருடமும் வருவார். கடல் பக்கம் ஆனதால் ஓஎம்ஆரில் காயில் சீக்கிரம் அரிக்கும், அதையும் கவனியுங்கள்.

பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைத் திறந்துவிடுவதுதான் இங்கே பழக்கம். நானும் பல வருடம் செய்தேன். இப்போது ரெக்கவரி மெஷின் வைத்திருக்கிறேன். ‘கேஸை சிலிண்டரில் பிடித்துக் காட்டு’ என்று நீங்கள் கேட்டால்தான் மற்ற மெக்கானிக்குகளும் வாங்குவார்கள்.

யாழ்_நிரலாளர் | 14 ஜூன் 2025, இரவு 10:30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நாங்கள் பன்னிரண்டு பேர் கொண்ட சிறிய நிறுவனம். 2022 மார்ச் கடைசியில் இங்கே நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. டீசலுக்கும் வரிசை. அப்பொழுது எதற்குக் கட்டாயம் மின்சாரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். ரவுட்டர், மடிக்கணினி, இரண்டு மின்விசிறி, அவ்வளவுதான். மேசைக் கணினி எல்லாவற்றையும் அப்பொழுதுதான் கைவிட்டோம். மின்சாரம் திரும்பி வந்த பிறகும் அவற்றை மீண்டும் வைக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. கயல் அக்காவும் அப்படி ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கலாம்.

வேளச்சேரி_பறக்கும்ரயில் | 16 ஜூன் 2025, காலை 9:05

ஆட்கள் வந்து போவதும் ஸ்கோப் 3தான். எங்கள் அலுவலகத்தில் கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் படி உண்டு, இலவசப் பார்க்கிங் உண்டு. பேருந்தில் வருகிறவருக்கு எதுவும் இல்லை. எம்டிசியின் ஆயிரம் ரூபாய் மாத பாஸை நிறுவனமே எடுத்துக்கொடுக்கட்டும் என்று கேட்டேன், மூன்று மாதம் இழுத்து ஒத்துக்கொண்டார்கள். 31 பேர் எடுத்தார்கள். பறக்கும் ரயிலில் வந்து பெருங்குடியிலோ திருவான்மியூரிலோ இறங்கியபின் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் தொல்லை. அதற்கு ஒரு வேனை நாலு கம்பெனிகள் சேர்ந்து விட்டோம்.

வீட்டிலிருந்து வேலை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மே மாதத்தில் 64 பேர் 64 வீட்டில் ஆளுக்கு ஒரு ஏசி போட்டால் அலுவலகத்தைவிட மோசம். மொத்த அலுவலகமும் இரண்டு நாள் பூட்டி இருந்தால்தான் லாபம். பாதிப் பேர் வந்து முழு ஏசியும் ஓடினால் இரண்டு பக்கமும் நஷ்டம். எல்லாரும் வரும் நாள், யாரும் வராத நாள் என்று சேர்த்து வையுங்கள்.

ராப்பொழுது_தேவ் | 16 ஜூன் 2025, இரவு 11:50

விமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஒருவர் போய்வந்தால் ஒரு டன்னுக்கு மேல். ஒரு அறிமுகக் கூட்டத்துக்கு மூன்று பேர் போகும் பழக்கம் எங்களிடமும் இருந்தது, ஒருவர் என்று ஆக்கினோம்.

பள்ளிக்கரணை_பார்வை | 18 ஜூன் 2025, மாலை 6:30

கார்பன் மட்டும்தானா? துரைப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரிகளும் வற்றியபோது ஓஎம்ஆர் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது நினைவிருக்கும். கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. அடுத்த பக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது. நம் ஐடி கட்டடங்களில் பல நிற்பது அதன் வடிகாலில்தான். நான் ஞாயிறு காலைகளில் அங்கே பறவை பார்க்கப் போகிறவன். தண்ணீர் லாரிகள் வரிசை கட்டுவதும் அதே சாலையில்தான்.

அலுவலகத்தில் செய்ய முடிந்தது: குழாய் வாயில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் சல்லடை) மாட்டுங்கள், பிளம்பருக்கு அரை நாள் வேலை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் திருப்புங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடியுங்கள். சென்னைப் புழுக்கத்தில் நம்பமுடியாத அளவு வரும்.

கயல்_துரைப்பாக்கம் | 19 ஜூன் 2025, இரவு 9:15

ஏசி தண்ணீரை இன்று அளந்து பார்த்தேன். ஒரு ஏசியின் குழாயில் 20 லிட்டர் கேனை வைத்தோம், சாயங்காலத்துக்குள் முக்கால் கேன். தெளிவாக, சில்லென்று இருந்தது. அக்கா அதில்தான் இன்று தரை துடைத்தார், உப்புக்கறை விழவில்லை என்று அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு பெரிய சிக்கல். எங்கள் ஏசிகளில் ஆறு பன்னிரண்டு வருடம் பழையவை. மாற்றச் சொன்னால் கட்டட உரிமையாளர் ‘கரண்ட் பில் நீங்கள்தானே கட்டுகிறீர்கள், எனக்கென்ன’ என்கிறார். ஏசி அவருடையது, பில் எங்களுடையது. மாடியில் சோலார் கேட்டாலும் இதே பதில்.

மின்வாரியம்_ஓய்வு | 20 ஜூன் 2025, காலை 7:50

வாடகைக் கட்டடங்களில் எல்லா ஊரிலும் இருக்கும் முடிச்சு இது. சொந்தக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு வேறு வாய்ப்பு உண்டு. இன்ஃபோசிஸ் ஹைதராபாத் வளாகத்தில் ஒரே கட்டடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான ஏசி, மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்ந்த நீர் ஓடும் குழாய் என்று வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீர்க்குழாய்ப் பாதியில் குளிரூட்ட ஆகும் மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நீங்கள் அதைச் செய்ய முடியாது. ஆனால் குத்தகை எப்போது முடிகிறது? புதுப்பிக்கும்போதுதான் உங்கள் கை ஓங்கும். ‘ஐந்து நட்சத்திர ஏசி மாற்றினால் சதுர அடிக்கு இவ்வளவு கூட்டித் தருகிறோம், மிச்சமாகும் பில்லிலிருந்து’ என்று எண்களோடு பேசுங்கள். ரீடிங் நோட்டு அப்போது உதவும்.

உரிமையாளருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 2022 பசுமை மின்சார விதிகளின்படி 100 கிலோவாட் இணைப்பு இருந்தாலே காற்றாலை, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்க வழி இருக்கிறது. முன்பு அது ஒரு மெகாவாட். தனித் தளத்தால் முடியாது, மொத்தக் கட்டடமும் சேர்ந்தால் முடியும். ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலையில் கொஞ்சம் உங்களுக்கும் வரட்டும்.

கயல்_துரைப்பாக்கம் | 4 அக்டோபர் 2025, மாலை 5:20

நாலு மாதம் ஆகிறது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

செப்டம்பர் பில் 8,150 யூனிட். போன வருடம் செப்டம்பர் 10,600. ஆட்கள் எண்ணிக்கை அதேதான். இரவு ரீடிங் 118லிருந்து 41. அந்த 41இல் பெரும்பகுதி சர்வர் ரூம். ரேக்கைத் திறந்து பார்த்தால் ஐந்தில் இரண்டு சர்வர் 2021இல் முடிந்த வேலைக்கானவை. ராப்பொழுது சொன்ன மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், எங்களுக்கும் போன் வரவில்லை.

ஏஎம்சி பில்களைத் தோண்டியதில் ஒரே ஏசிக்கு மூன்று வருடமும் கேஸ் ஏற்றியிருந்தார்கள். ஓட்டை இண்டோர் காயிலில் இருந்தது. லேப்டாப் மாற்றும் காலத்தை ஐந்து வருடம் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். பழைய 26இல் 17 மெஷின் ரேம் மாற்றி ஓடுகின்றன, எட்டு லினக்ஸுக்குப் போயின, ஒன்று முடிந்தது. ஃபேன் வந்தபின் 24 டிகிரிக்குச் சண்டை ஓய்ந்தது. ஜன்னலோரம் உட்காருகிற நாலு பேருக்கு மட்டும் மதியம் 3 மணி வெயில் இன்னும் கஷ்டம்தான், படுதா போட வேண்டும். உரிமையாளர் ஜனவரியில் பேசலாம் என்கிறார்.

படிவத்தையும் அனுப்பிவிட்டேன். மின்சாரம், டீசல், ஏசி கேஸ் மூன்றுக்கும் எங்கள் எண். பேருந்து, கேப் கணக்கு பாதி. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களின் கணக்கு எங்களிடம் இல்லை, அதை ‘அளக்கவில்லை’ என்றே எழுதினேன். இயக்குநர் முதலில் தயங்கினார், பிறகு அப்படியே அனுப்பச் சொன்னார். மரக்கன்றுகளில் பதினொன்று பிழைத்திருக்கின்றன, அக்கா ஏசி தண்ணீர் ஊற்றுகிறார். மீட்டர் ரீடிங் போர்டு பேன்ட்ரி சுவரில் தொங்குகிறது. தினமும் எழுதுவது அவரும் எலக்ட்ரீஷியன் அண்ணனும்தான்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யுபிஎஸ்ஸின் 32 பேட்டரியை அடுத்த மாதம் மாற்ற வேண்டும். பழையதைக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒருவர் வந்து கேட்கிறார். கொடுக்கலாமா?

கோவை_சர்வீஸ் | 4 அக்டோபர் 2025, இரவு 7:45

கொடுக்காதீங்க கயல். ஈய பேட்டரி அது, தெருவில் உடைத்தால் அமிலம் மண்ணில் போகும், ஈயம் அங்கே இருக்கும் குழந்தைகளுக்குள் போகும். 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரி முறையான மறுசுழற்சிக்குப் போவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் டீலரிடம் பழைய 32ஐயும் எடுத்துக்கொள்வதாகப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்க. எடை போட்டு, சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்க. அதற்கு முன் ஒன்று செய்யுங்க, 32ஐயும் தனித்தனியாக லோடு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பல இடங்களில் ஏழெட்டுதான் போயிருக்கும்.